கதவை அடைத்தார்கள், சாவி யாரிடம்?

மலாக்கா நகரிலிருந்து மஸ்ஜித் தானா போகும் வழியில் இருக்கும் சுங்கை ஊடாங்கைத் தெரெண்டாக் இராணுவ முகாமை வைத்தோ, பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை வைத்தோதான் வெளியூர்க்காரர்கள் அடையாளம் சொல்வார்கள். 2021 அக்டோபர் 4ஆம் தேதி அந்தப் பெயர் வேறொரு காரணத்துக்காக நாடு முழுவதும் அடிபட்டது. சுங்கை ஊடாங் சட்டமன்ற உறுப்பினரும், 2013 முதல் 2018 வரை மாநில முதலமைச்சராக இருந்தவருமான இட்ரிஸ் ஹாருன், பந்தாய் குண்டோர் உறுப்பினர் நோர் அஸ்மான் ஹசான், தெலோக் மாஸ் உறுப்பினர் நோர் எஃபாண்டி அகமட், பெங்காலான் பத்து உறுப்பினர் நோர்ஹிசாம் ஹசான் பக்தி ஆகிய நால்வரும் சேர்ந்து, முதலமைச்சர் சுலைமான் முகமட் அலிக்குத் தந்த ஆதரவை மீட்டுக்கொள்வதாக அறிவித்தார்கள். 28 பேர் கொண்ட மன்றத்தில் 17 பேரைக் கையில் வைத்திருந்த ஆட்சி, ஒரே பொழுதில் 13 பேர் ஆட்சியானது. மறுநாள், மன்றம் கலைக்கப்பட்டுவிட்டது என்று சபாநாயகர் அறிவித்தார். மன்றத்துக்குள் ஒரு வாக்கெடுப்பு நடக்கவில்லை. எந்தக் கொள்கையில் கருத்து வேறுபாடு, எந்தத் திட்டம் தவறிப்போனது என்று ஒரு நாள் விவாதம்கூட நடக்கவில்லை. கோவிட் தொற்று ஓயாத அந்தக் காலத்தில், தேர்தல் கூட்டங்களுக்கே சுகாதார அமைச்சு தடை போட்டிருந்த நிலையில், மலாக்கா மக்கள் நவம்பர் 20ஆம் தேதி வாக்குச் சாவடிக்குப் போனார்கள்.

அந்த நால்வரில் இருவர் செய்ததைச் சற்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 2018 மே 9ஆம் தேதி தேர்தலில் மலாக்கா வரலாற்றிலேயே முதன்முறையாகத் தேசிய முன்னணி தோற்று, 15 இடங்களோடு பக்காத்தான் ஹராப்பான் ஆட்சி அமைத்தது. அட்லி சஹாரி முதலமைச்சரானார். 2020 மார்ச்சில் பெர்சத்து உறுப்பினர்கள் இருவர், பிகேஆர் உறுப்பினர் ஒருவர், ஜசெக உறுப்பினர் ஒருவர் என நான்கு பேர் விலகியதும் அந்த ஆட்சி கவிழ்ந்து சுலைமான் ஆட்சி வந்தது. அன்று அதை அமைக்க உதவிய பெங்காலான் பத்து, தெலோக் மாஸ் உறுப்பினர்களே பத்தொன்பது மாதங்கள் கழித்து அதைக் கவிழ்க்கவும் உதவினார்கள். இரண்டு முறையும் நான்கு பேர். இரண்டு முறையும் சில ஆயிரம் வாக்காளர்கள் எந்தக் கட்சிக்கு, எந்தக் கூட்டணிக்கு ஓட்டுப் போட்டார்களோ அதற்கு எதிரான இடத்தில் அவர்களுடைய ஓட்டு போய் நின்றது. மக்கள் இதை மறக்கவில்லை. 2018இல் நூற்றுக்கு எண்பதைத் தாண்டிய வாக்குப்பதிவு, 2021இல் 65 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிட்டது. ஆசஹானில் பக்காத்தான் ஹராப்பான் வேட்பாளராக நின்ற இட்ரிஸ் ஹாருனும், பெங்காலான் பத்துவில் சுயேச்சையாக நின்ற நோர்ஹிசாமும் தோற்றார்கள். சுங்கை ஊடாங் தொகுதியோ பெரிக்காத்தான் நேசனல் கைக்குப் போனது.

தேர்தல் முடிவு வந்த இரவில் எல்லாரும் சொன்ன சொல் நிலைத்தன்மை. 28இல் 21 இடங்களைத் தேசிய முன்னணி வென்றிருந்தது. ஆனால் அந்த 21 இடங்களுக்கு அடியில் இருந்தவை நூற்றுக்கு 38 வாக்குகள்தாம். எதிர்ப்பு வாக்குகள் இரண்டாகப் பிரிந்ததால் கிடைத்த மலை அது. ஓராண்டுக்கு ஒரு நாள் குறைவாக, 2022 நவம்பர் 19இல் பொதுத்தேர்தல் நடந்தபோது, மலாக்காவின் ஆறு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றைக்கூட அதே தேசிய முன்னணியால் பிடிக்க முடியவில்லை. மூன்று பக்காத்தானுக்கு, மூன்று பெரிக்காத்தானுக்கு. சுங்கை ஊடாங் அடங்கிய தங்கா பத்து, பாஸ் கட்சிக்கு. இதை ஒரு கட்சியின் தோல்விக் கதையாக நான் சொல்லவில்லை. இடங்களின் எண்ணிக்கையை வைத்து ஓர் அரசு உறுதியானது என்று முடிவு கட்டும் நம் பழக்கம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிட அருகிலான சான்று நமக்கு வேண்டியதில்லை. நம் நாட்டில் அரசின் ஆயுளைப் பற்றிய பேச்சு எப்போதும் தலை எண்ணுவதில் தொடங்கி அதிலேயே முடிகிறது. அரசை நிலைக்க வைப்பது எத்தனை பேர் பின்னால் நிற்கிறார்கள் என்பதைவிட, எதற்காக நிற்கிறார்கள் என்பதை எழுதி, எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்களா என்பதுதான் என்று நான் நம்புகிறேன். கடந்த சில ஆண்டுகளின் வரலாறு இதைத் தெளிவாகவே காட்டுகிறது.

2018 மே மாதத்துக்கும் 2022 நவம்பருக்கும் இடையில் நால்வர் பிரதமராகப் பதவியேற்றார்கள். மகாதீர் 2020 பிப்ரவரி 24இல் விலகினார். ஆளும் கூட்டணியைப் பிளந்த ஷெரட்டன் நகர்வின் முடிவில் மார்ச் 1ஆம் தேதி முகிதீன் யாசின் வந்தார். அம்னோவின் ஒரு பகுதியினர் ஆதரவை விலக்கிக்கொண்டதால் 2021 ஆகஸ்ட் 16இல் அவர் போனார். ஐந்து நாள் கழித்து இஸ்மாயில் சப்ரி யாகோப் வந்தார். 220 உறுப்பினர்களில் 114 பேர் மட்டுமே அவர் பக்கம். நான்கைந்து பேருக்குக் கோபம் வந்தால் முடிந்தது கதை என்ற நிலை. தலை எண்ணிப் பார்த்தால், சுதந்திரம் பெற்றது முதல் நாம் கண்ட அரசுகளில் மிக நொய்ந்தவற்றுள் அதுவும் ஒன்று. ஆனால் அந்த அரசின் காலத்தில்தான் கட்சித் தாவல் தடைச் சட்டம் நிறைவேறியது. பதினெட்டு வயதினருக்கு வாக்குரிமையும் தானாகவே வாக்காளராகப் பதிவாகும் முறையும், நீதிமன்ற உத்தரவின் துணையோடு, அப்போதுதான் நடைமுறைக்கு வந்தன. எப்படி முடிந்தது? 2021 செப்டம்பர் 13இல் இஸ்மாயில் சப்ரி அரசும் எதிர்க்கட்சியான பக்காத்தான் ஹராப்பானும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்னின்ன சீர்திருத்தங்களை அரசு கொண்டுவர வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தை எதிர்க்கட்சி தோற்கடிக்காது. 2022 ஜூலை 31ஆம் தேதிக்கு முன் நாடாளுமன்றத்தைக் கலைக்கக் கூடாது. எல்லாம் தாளில் இருந்தன, பத்திரிகைகளில் வந்தன, எவரும் படித்துப் பார்த்து, நடந்ததா என்று கேட்க முடிந்தது.

அந்த ஒப்பந்தத்தின் பலனும் அதன் முடிவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்தன என்பதுதான் வருத்தம். கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தத்தை 2022 ஜூலை 28இல் மக்களவை 209 வாக்குகளோடு ஏற்றது. அக்டோபர் 5ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அக்டோபர் 10ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அரசுகளைக் கவிழ்ப்பதைத் தடுக்கப் பிறந்த சட்டத்துக்கு ஐந்து நாள் வயதாகும்போது ஓர் அரசு முடிந்துபோனது, அதுவும் எந்த உறுப்பினரும் தாவாமலே. எல்லாம் சட்டப்படி நடந்தது. வடகிழக்குப் பருவமழை வரும் வேளை, வெள்ளம் வந்தால் மக்கள் வாக்களிக்க எப்படிப் போவார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலே, தன் கட்சித் தலைமையின் நெருக்குதலுக்கு ஆளான ஒரு பிரதமர் மாமன்னரிடம் போய்க் கலைக்கச் சொல்லிக் கேட்டார். கலைக்கக் கூடாது என்ற வாக்குறுதி ஜூலை 31இல் காலாவதியாகி எழுபத்தொரு நாள்தான் ஆகியிருந்தது. எழுத்தில் இருந்தவரை அரசு நின்றது; எழுத்து காலாவதியானதும் விழுந்தது.

கட்சித் தாவல் தடைச் சட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தனிநபர் தாவலுக்கு அது ஒரு தாழ்ப்பாள். ஆனால் அது எந்தக் கதவை அடைத்தது, எதைத் திறந்தே விட்டது என்று பார்க்க வேண்டும். தனி உறுப்பினர் கட்சி மாறினால் இடம் போகும். ஒரு கட்சி முழுதாகக் கூட்டணி மாறினால் யாருக்கும் எதுவும் ஆகாது. கட்சியே ஓர் உறுப்பினரை நீக்கினால் அவர் இடம் பறிபோகாது. இந்தப் பிரிவுகளின் விளைவைப் பிறகு கண்ணால் கண்டோம். 2023 இறுதிக்குள்ளும் 2024 தொடக்கத்திலுமாகப் பெர்சத்துவின் ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சியை விட்டு விலகாமலே பிரதமர் அன்வார் இப்ராஹிமுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். அவர்களுடைய உறுப்பியம் முடிந்துவிட்டது என்றது கட்சி. இடங்கள் காலியாகவில்லை என்று 2024 ஜூலையில் சபாநாயகர் ஜொஹாரி அப்துல் முடிவு சொன்னார். அந்த முடிவு சரியா தவறா என்ற வழக்காட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தொகுதி மக்கள் எங்கே இருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. சட்டம் உறுப்பினரைக் கட்சியோடு கட்டிப்போட்டது. கட்சியை வாக்காளரோடு கட்டவில்லை. ஆக, முன்பு நாற்பது ஐம்பது பேர் கையில் சிதறிக் கிடந்த கவிழ்க்கும் சக்தி, இப்போது நான்கைந்து கட்சித் தலைவர்கள் கையில் சேர்ந்துவிட்டது. கதவு அடைபட்டது உண்மை. சாவி அவர்களிடம் இருக்கிறது.

இது மலாய்க் கட்சிகளுக்குள் நடக்கும் இழுபறி, மலாக்காவில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லாத இந்தியர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். நேர்மையான கேள்விதான். ஆனால் கணக்கைப் பார்த்தால் பதில் தலைகீழாக வருகிறது. பெரிய சமூகத்துக்கு எந்த அரசு வந்தாலும் கவனிப்பு உண்டு. அதன் வாக்கில்லாமல் எவரும் ஆள முடியாது. சிறிய சமூகத்துக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஓர் அமைச்சரின் விருப்பம், ஒரு பிரதமரின் அறிவிப்பு, ஒரு வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரி. அரசு மாறினால் முதலில் உதிர்வது அந்த வரிதான். 2017 ஏப்ரல் 23இல் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் மலேசிய இந்தியர் பெருந்திட்டத்தை வெளியிட்டார். பத்தாண்டுத் திட்டம். அரசாங்க வேலையிலும் உயர்கல்வி இடங்களிலும் இந்தியர் பங்கை 7 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவது அதன் இலக்குகளில் ஒன்று. பத்தாண்டுக்கென்று எழுதிய திட்டத்தை எழுதிய அரசு, பதின்மூன்றாம் மாதம் தேர்தலில் தோற்றது. அடுத்து வந்தவர்களுக்கு அது முந்தைய அரசின் திட்டம். அதற்கடுத்து வந்தவர்களுக்கு அது முந்தையதற்கும் முந்தையது. எவரும் அதை ரத்து செய்ததாக அறிவிக்கவில்லை; செய்து முடித்ததாகவும் கணக்குக் காட்டவில்லை.

இந்தியர் சமூக மேம்பாட்டுக்கான மித்ரா பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் செடிக் என்ற பெயரில் பிரதமர் துறையில் தொடங்கியது. 2018இல் பெயர் மாறி மித்ராவாகி, பிரதமர் துறை அமைச்சர் வேதமூர்த்தியின் கீழ் வந்தது. 2020இல் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சுக்குப் போய் ஹலிமா முகமட் சாடிக்கின் பொறுப்பானது. பின்னர் மீண்டும் பிரதமர் துறைக்குத் திரும்பியது. ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி என்று ஒதுக்கப்படும் ஒரு நிதி, ஆட்சி மாறும்போதெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு மாறியது. இதைப் புத்ராஜெயாவின் நிர்வாக விவகாரமாக மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு தமிழ்ப்பள்ளியின் பாலர் பள்ளி வகுப்புக்கு உதவி கேட்கும் மேலாளர் வாரியத்தை நினைத்துப் பாருங்கள். செயலாளர் பகலில் வேறு வேலை பார்ப்பவர். இரவில் உட்கார்ந்து விண்ணப்பப் பாரத்தை நிரப்புகிறார். பதிவுச் சான்றிதழ் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, செலவு மதிப்பீடு, மாணவர் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துக் கோப்பாக்கி அனுப்புகிறார். ஆட்சி மாறுகிறது. அலுவலகம் மாறுகிறது, பாரம் மாறுகிறது, யாரை அழைத்துக் கேட்பது என்று தெரிந்து வைத்திருந்த அதிகாரி இடம் மாறிப் போகிறார். அதே கோப்பை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். அதற்குள் அந்த ஆண்டு நுழைய வேண்டிய ஆறு வயதுக் குழந்தை முதலாம் ஆண்டுக்குப் போய்விடுகிறது. நிதி கைமாறும் இத்தகைய இடைவெளிகளில்தான் முறைகேடும் புகும். 2021இல் மித்ரா மானியங்களை ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்க வேண்டி வந்ததையும், சிலர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டதையும் நாம் பார்த்தோம்.

தோட்டப்புறத்துக் கூலிக்கும் இதே கதி. குறைந்தபட்சச் சம்பளத்தை முதல் தவணைக்குள் 1,500 வெள்ளியாக்குவோம் என்று 2018இல் பக்காத்தான் சொன்னது. ஆட்சிக்கு வந்ததும் 1,050 என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதால் 1,100 ஆக்கியது. 2020 பிப்ரவரியில் அது 1,200 ஆனபோது மாநகர, நகராண்மைப் பகுதிகளுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். நாட்டில் பல தோட்டங்கள் அந்த எல்லைக்கு வெளியே இருந்தன. அதே மாதம் ஆட்சி கவிழ்ந்தது. 1,500 வெள்ளி வந்து சேர்ந்தது 2022 மே 1ஆம் தேதி, வாக்குறுதி கொடுத்த பிரதமருக்கு அடுத்து வந்த இரண்டாமவர் காலத்தில். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவருக்கு இந்த நான்கு ஆண்டுகளின் விலை என்ன என்று கணக்குப் போட்டால், மாதம் 400 வெள்ளி வித்தியாசம் ஒரு குடும்பத்தின் மளிகைக் கடன் தீருவதா, தொடருவதா என்பதாகவே இருக்கும். நிலையற்ற அரசு என்றால் பங்குச் சந்தையும் ரிங்கிட்டின் மதிப்பும்தான் என்று பொருளாதாரப் பக்கங்கள் எழுதுகின்றன. லயத்து வீட்டில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும்; அதை ஒதுக்கிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. 1957 முதல் 2018 வரை, கூட்டணி என்றும் தேசிய முன்னணி என்றும் ஒரே அணி அறுபத்தோராண்டுகள் ஆண்டது. அதைவிட நிலையான ஆட்சி உண்டா? அந்த அறுபத்தோராண்டில் தோட்டத் தமிழருக்கு என்ன கிடைத்தது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி முறை வந்ததும் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்தார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது, தலைமுறைகளாக அங்கே இருந்தவர்கள் சிறிய இழப்பீட்டோடு பட்டணத்து ஓரங்களில் போய் ஒண்டினார்கள். 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராஃப் பேரணிக்குத் திரண்ட கூட்டம், நிலையான ஆட்சியின் கீழ்ப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கூட்டம்தான். ஆகவே, நிலைத்தன்மை வந்தால் எல்லாம் வரும் என்று நமக்குப் பாடம் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்பதனால்தான், நீண்ட நாள் ஆள்வதையும் உறுதியாக ஆள்வதையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். அந்த அறுபத்தோராண்டுகளில் நம்மவர் பெற்றவை பெரும்பாலும் மூடிய அறைக்குள் நடந்த பேரத்தில் கிடைத்தவை. எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்பதை வெளியே இருந்த எவரும் படித்துப் பார்த்ததில்லை. ஆட்சி நீடித்தது, வாக்குறுதிக்கு எழுத்தும் இல்லை, கெடுவும் இல்லை.

இப்போதைய அரசுக்கு வருவோம். 2022 தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் ஐந்து நாள் புதிய பிரதமர் இல்லாமல் நாடு காத்திருந்தது. நவம்பர் 24இல் அன்வார் பதவியேற்றார். பக்காத்தான், தேசிய முன்னணி, சரவாக்கின் ஜிபிஎஸ், சபாவின் கட்சிகள் என்று சேர்ந்து 222இல் 148 பேர், மூன்றில் இரண்டு பங்கு. டிசம்பர் 16இல் இவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்த ஏற்பாடு நாட்டுக்குச் செய்த நன்மையை மறைக்கக் கூடாது. மூவர் மாறி மாறிப் பிரதமரான காலத்துக்குப் பிறகு, அமைச்சுகள் ஆண்டுக்கணக்கில் திட்டமிடும் நிலை திரும்பியது. அன்னை வழியாகக் குடியுரிமை கிடைக்கச் செய்யும் அரசமைப்புத் திருத்தம் 2024 அக்டோபரில் 206 வாக்குகளோடு நிறைவேறியது. அந்தத் தொகுப்பில் இருந்த வேறு சில பிரிவுகள் மீது எனக்கு வருத்தம் உண்டு என்றாலும், வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள் பல அரசுகளிடம் கெஞ்சி நின்ற விஷயம் அது. ஆனால் 2022 ஒப்பந்தத்தின் முதுகெலும்பு என்ன? நம்பிக்கைத் தீர்மானத்திலும் வரவுசெலவுத் திட்டத்திலும் பிரதமரை ஆதரிக்க வேண்டும், ஆதரிக்காத உறுப்பினர் பதவி விலகியவராகக் கருதப்படுவார் என்ற பிரிவு. 2021 ஒப்பந்தத்தின் பலம், நாட்டுக்குச் செய்ய வேண்டியதைப் பெயர் சொல்லிக் கெடுவோடு எழுதியிருந்தது. 2022 ஒப்பந்தத்தின் பலம், பிரதமரைத் தாங்கிப் பிடிப்பது. 114 பேரை வைத்திருந்த அரசிடம் நாம் பட்டியலைக் காட்டிக் கேட்க முடிந்தது. 148 பேரோடு தொடங்கிய அரசிடம் காட்ட நமக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

என்ன செய்யலாம்? முதலாவது, பிரதமருக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்ற கேள்வி நாடாளுமன்றத்துக்குள் பதிலளிக்கப்பட வேண்டும். அரசமைப்பின் 43ஆம் பிரிவு, பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதுபவரைப் பிரதமராக நியமிக்கச் சொல்கிறது. 2020இல் அன்றைய மாமன்னர் உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் உறுப்பினர்கள் தங்கள் தேர்வை மின்னஞ்சலிலோ, தொலைநகலிலோ, வாட்ஸ்அப்பிலோ அரண்மனைக்கு அனுப்பச் சொல்லப்பட்டார்கள். அரண்மனையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. உறுப்பினர்கள் அந்தச் சுமையை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். தமிழ்நாட்டு அரசியலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு 1999 ஏப்ரல் 17 நினைவிருக்கும். அதிமுக ஆதரவை விலக்கியதால் வாஜ்பாய் அரசு மக்களவையில் 269க்கு 270 என்று ஒரே வாக்கில் தோற்றது. கொடுமையான தோல்விதான், ஆனால் யார் எந்தப் பக்கம் என்பதை நாடே பார்த்தது. நம் மாநிலத்தில் 2021இல் அந்த எண்ணிக்கை ஒரு செய்தியாளர் கூட்டத்தில் முடிந்துபோனது. அன்வார் மீதான நம்பிக்கைத் தீர்மானம்கூட 2022 டிசம்பர் 19இல் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. பெயர் பெயராக எண்ணியிருந்தால் அவருக்கு இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

அடுத்து, கலைக்கும் அதிகாரம். நாடாளுமன்றத்தின் ஐந்தாண்டை ஒரு கட்சிக் கூட்டத்தின் ஆவேசம் குறைக்க முடியாதபடி ஒரு வரம்பு வேண்டும். பிரிட்டன் 2011இல் இப்படி ஒரு சட்டம் செய்து, ஆள முடியாமல் மன்றம் முடங்கிப்போன அனுபவத்துக்குப் பிறகு 2022இல் அதை நீக்கிவிட்டதே என்று கேட்பார்கள். உண்மை. அங்கே தவறியது, பழைய அரசை நகர விடாமல் பூட்டி, புதிய அரசு வர வழியில்லாமல் செய்தது. ஜெர்மனியின் 1949 அரசமைப்பு இதற்கு நல்ல விடை வைத்திருக்கிறது: ஓர் அரசை வீழ்த்த வேண்டுமானால், அடுத்தவர் யார் என்று பெயர் சொல்லி, அவருக்குப் பெரும்பான்மையைக் காட்டி வீழ்த்து. 1972இல் பிராண்ட் அரசுக்கு எதிராக அதை முயன்றவர்கள் தோற்றார்கள். 1982இல் ஷ்மிட் போய் கோல் வந்தார். எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாக வெற்றி கண்டது அந்த ஒரு முறைதான். கவிழ்ப்பது மட்டும் தெரிந்து, அமைக்கத் தெரியாதவர்களுக்கு அந்த முறையில் இடமில்லை. மலாக்காவின் நால்வரிடம் அன்று யாராவது இதைக் கேட்டிருந்தால், 15 பேர் சேர்ந்து ஒரு முதலமைச்சரின் பெயரை மன்றத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் சுலைமான் நீடித்திருப்பார். தொற்றுக் காலத்தில் மக்கள் வரிசையில் நிற்க நேர்ந்திருக்காது.

உறுப்பினரின் மனச்சாட்சிக்கு இதில் இடம் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியாவின் 1985 கட்சித் தாவல் தடைச் சட்டம் தரும் எச்சரிக்கை அதுதான். 2017இல் தமிழ்நாட்டில் முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 சட்டமன்ற உறுப்பினர்களைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். ஓராண்டுக்கு மேல் அந்தத் தொகுதிகளுக்கு உறுப்பினரே இல்லை. கட்சியின் சொல்லை மீறிய ஒவ்வொரு வாக்குக்கும் பதவி பறிபோகும் என்றால், மன்றம் கைதூக்கும் இடமாகிவிடும். ஆகவே தண்டனை, கட்சி மாறுவதற்கு மட்டும் இருக்க வேண்டும். ஒரு மசோதாவில் மாற்றி வாக்களிப்பதற்கு இருக்கக் கூடாது. இடம் காலியா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தையும் ஆளும் பக்கத்தால் தேர்ந்தெடுக்கப்படும் சபாநாயகரிடம் மட்டும் விட்டுவைப்பது நியாயமில்லை. அதைத் தொகுதி மக்களிடமே கொண்டுபோகும் வழி ஒன்று வேண்டும்.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை நான் கேட்பது இன்னும் எளியது. மித்ராவை ஒரு சட்டத்தின் கீழ் அமைப்பாக்குங்கள். நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தால் நிற்கும் அமைப்பை, அமைச்சரவை மாற்றத்தின்போது ஒரு சுற்றறிக்கையால் தூக்கி வேறு கட்டடத்தில் வைக்க முடியாது. அதன் கணக்கை ஆண்டுதோறும் மன்றத்தில் வைத்தே ஆக வேண்டும். மலாக்காவின் காடேக் சட்டமன்றத் தொகுதியை 2018இல் ஜசெக வென்றது, 2021இல் மஇகா வென்றது. இரண்டு கட்சிகளும் 2022இல் கூட்டரசில் ஒரே பக்கம் வந்து உட்கார்ந்தன. தேர்தல் மேடையில் ஒருவரை ஒருவர் மறுத்த இவர்கள், இந்த ஒரு சட்டத்துக்காகச் சேர்ந்து கையெழுத்துப் போடுவதில் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மலாக்கா சட்டமன்றத்தின் ஐந்தாண்டு 2026 இறுதியோடு முடிகிறது. நாடாளுமன்றத்தின் காலம் 2027 டிசம்பர் வரை. நடுவில், 2027 ஏப்ரல் 23இல், இந்தியர் பெருந்திட்டத்துக்குப் பத்து வயது நிறைகிறது. தங்கா பத்துவிலும் சுங்கை ஊடாங்கிலும் காடேக்கிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு தாள்களைக் கேட்போம். ஒன்று, அந்தப் பத்தாண்டுத் திட்டத்தின் 7 விழுக்காடு இன்று எத்தனை விழுக்காட்டில் நிற்கிறது என்ற கணக்கு. இன்னொன்று, தேர்தலுக்குப் பின் யாரோடு கூட்டுச் சேர்ந்தாலும் அந்த ஒப்பந்தத்தில் எங்களுக்காக எந்தெந்த வரிகளை, எந்தத் தேதிக்குள் என்று எழுதப்போகிறீர்கள் என்பதன் நகல், தமிழிலும் மலாயிலும்.